ஆம்பூர் ஓட்டலுக்கு வயது என்ன?

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் வேலூரைத் தாண்டி, பள்ளிகொண்டாவையும் மாதனூரையும் கடந்தால் ஆம்பூர். ஊர் வருமுன்பே பலகைகள் வந்துவிடுகின்றன. 'ஸ்டார்', 'ஒரிஜினல்', 'பழைய', 'புகழ்பெற்ற' என்று ஒவ்வொன்றும் ஓர் அடைமொழியைச் சூடிக்கொண்டு நிற்கும். அவற்றுள் ஒரு பலகை நம்மை எப்போதும் நிறுத்திப் படிக்க வைக்கும். '1890 முதல்' என்பது அதன் வாசகம்.

1890 என்றால் நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேல். தமிழகத்தில் அவ்வளவு வயதுடைய பள்ளிக்கூடங்களுக்கு விழா மலர் உண்டு. அச்சகங்களுக்கும் ஆலைகளுக்கும் வரலாற்று நூல் உண்டு. சோறு போட்ட கடைக்கு மட்டும் பலகையே வரலாறு. நம் சமுதாயத்தார் நடத்திய பழைய ஓட்டல்களைப் பற்றி உட்கார்ந்து எழுதியவர் அரியர். உண்டுவிட்டுக் கைகழுவிப் போய்விட்டோம்.

ஸ்டார் பிரியாணிக் குடும்பத்தார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி இது: அவர்களுடைய முன்னோர் ஆற்காட்டு நவாபின் சமையற்கட்டில் பணிபுரிந்தவர், அங்குக் கற்ற கைப்பக்குவத்தைக் கொண்டு ஆம்பூரில் 1890ஆம் ஆண்டு கடை தொடங்கினார். ஆம்பூரில் மட்டுமல்ல, வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் பிரியாணியைப் பற்றிக் கேட்டால் முதலில் வாயில் வருவது நவாபின் பெயரே. பத்திரிகைகளும் அதையே எழுதுகின்றன. நாமும் பல காலம் அதையே சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆனால் ஆண்டுக் கணக்கைச் சற்றே எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆம்பூருக்கும் நவாபுக்கும் உள்ள தொடர்பு சமையற்கட்டில் தொடங்கியது அன்று, போர்க்களத்தில் தொடங்கியது. 1749 ஆகஸ்ட் 3ஆம் நாள் ஆம்பூருக்கு அருகே நடந்த போரில், சந்தா சாகிப், முசாபர் ஜங், பிரெஞ்சுக்காரர் ஆகியோரின் கூட்டுப் படையை எதிர்த்து நின்ற நவாப் அன்வருத்தீன் கான் கொல்லப்பட்டார். அவர் மகன் முகம்மது அலி வாலாஜா திருச்சிராப்பள்ளிக்குச் சென்று தப்பினார். பின்னர் ஆங்கிலேயர் துணையோடு ஆட்சியை நிலைநாட்டிக்கொண்ட அவர், 1768இல் சென்னைச் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டி அங்கேயே குடியேறிவிட்டார். 1801இல் கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கும்பினியார் கைக்குப் போயிற்று. 1855இல் நவாப் குலாம் முகம்மது கவுஸ் கான் மகப்பேறின்றி இறந்ததும் நவாப் என்னும் பட்டமே நீக்கப்பட்டது. 1867இல் அக்குடும்பத்துக்கு 'அமீரே ஆற்காடு' என்னும் புதுப் பட்டம் வழங்கப்பட்டது. இராயப்பேட்டை அமீர் மகால் அவர்தம் இல்லமாயிற்று.

ஆக, 1890இல் ஆற்காட்டு நகரில் நவாபும் இல்லை, நவாபின் அடுப்பும் இல்லை. ஊர்ப்பெயர் பட்டத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியானால் குடும்ப வழிச்செய்தி பொய்யோ எனின், அப்படிச் சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை. சமையற்காரர் இராயப்பேட்டையிலிருந்து வந்திருக்கலாம். அல்லது நவாப் சென்னைக்குப் பெயர்ந்தபோது வடாற்காட்டிலேயே தங்கிவிட்ட பணியாளர்களின் பரம்பரையில் வந்தவராக இருக்கலாம். இரண்டும் இயலக்கூடியவையே. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. அரண்மனை வேலையை விட்டவர், அன்றைக்குச் சிற்றூராக இருந்த ஆம்பூரில் ஏன் கடை வைக்க வேண்டும்? சோறு சமைக்கத் தெரிந்தவர் ஆயிரம் பேர் இருப்பர். அதைக் காசு கொடுத்து வாங்க ஆள் வேண்டுமே! அந்த ஆள் எங்கிருந்து வந்தார்?

அவர் வந்தது தோலிலிருந்தும் இரயிலிலிருந்தும்.

தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856 ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் பாதை காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று மேற்கே நீண்டு, மலபார்க் கரையில் பேப்பூரைத் தொட்டுவிட்டது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கும் கிளை பிரிந்தது. பாலாற்றங்கரை ஊர்கள் ஒவ்வொன்றும் துறைமுகத்துக்கு ஒரு பகல் தொலைவில் வந்துவிட்டன. பச்சைத் தோல் நாள் கடந்தால் கெட்டுவிடும் சரக்கு. அதை உப்பிட்டு விரைவாகக் கொண்டுவரவும், பதனிட்ட தோலைக் கட்டுக்கட்டாகச் சென்னைப் பெரியமேட்டுக்கும் அங்கிருந்து இலண்டன் ஏலக் கூடங்களுக்கும் அனுப்பவும் இரயில் இன்றியமையாததாயிற்று. தோலை ஊறவைக்கப் பாலாற்று ஊற்றுநீரும், பதனிட ஆவாரம் பட்டையும் கடுக்காயும் இப்பகுதியிலேயே கிடைத்தன. முதலீடு செய்ய நம் வணிகர்கள் இருந்தார்கள். சுண்ணாம்புக் குழியில் இறங்க ஏழைகள் இருந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்களும், நம்மவருள் கைப்பொருள் இல்லாதோருமே.

1890 என்னும் அந்த ஆண்டை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் அது திடீரென்று பொருள் பெற்றுவிடுகிறது. நவாபின் வரலாற்றில் அது ஒன்றுமில்லாத ஆண்டு. தோலின் வரலாற்றிலோ, இரயில் வந்து ஒரு தலைமுறை ஆகி, டேனரிகள் பெருகிக்கொண்டிருந்த காலம். வெளியூரிலிருந்து தோல் கொண்டுவரும் வியாபாரி, பெரியமேட்டிலிருந்து வரும் கணக்குப்பிள்ளை, பட்டை ஏற்றிவரும் வண்டிக்காரர், வாரக்கூலி வாங்கும் தொழிலாளி என்று வீட்டை விட்டு வெளியே உண்ண வேண்டிய ஆண்கள் ஓர் ஊரில் திரண்டுவிட்டால் அங்கே ஓட்டல் பிறந்தே தீரும். பிரியாணியின் கைப்பக்குவம் நவாப் வழி வந்ததாகவே இருக்கட்டும். ஓட்டல் டேனரி வழி வந்தது என்பது நம் கருத்து.

இங்கே 'ஓட்டல்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலேயருக்கு அது தங்கும் விடுதி. தமிழர்க்கு அது உண்ணும் இடம். 'காப்பி கிளப்' என்றும் 'மிலிட்டரி ஓட்டல்' என்றும் 'முஸ்லிம் ஓட்டல்' என்றும் அதற்குள் பிரிவுகள் தோன்றின. தமிழகத்தில் ஓட்டல் என்பது வெறும் சாப்பாட்டு வியாபாரமாக இருந்ததில்லை. யார் யாரோடு அமர்ந்து உண்ணலாம் என்ற வழக்கு அதன் வாசலிலேயே நடந்தது. இரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணர்க்குத் தனியிடம் இருந்த காலம் ஒன்று. 1957இல் கூடத் திருவல்லிக்கேணி முரளி கபே பலகையில் இருந்த 'பிராமணாள்' என்னும் சொல்லை எதிர்த்துப் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது. அக்காலத்தில் சாதி கேளாமல் சோறு போட்ட கடைகளுள் முஸ்லிம் ஓட்டல்கள் முன்நின்றன.

நம் ஓட்டல்கள் எல்லாம் சமத்துவக் கூடங்களாகத் திகழ்ந்தன என்று எழுதி முடித்துவிட ஆசைதான். ஆனால் நாம் சிறுவனாக இருந்தபோது கண்ட ஒரு காட்சி தடுக்கிறது. தந்தையார் கையைப் பிடித்துக்கொண்டு சென்ற ஒரு கடையில், உள்ளே மேசைகள் காலியாக இருக்க, டேனரியிலிருந்து நேரே வந்த இருவர் வெளித்திண்ணையில் அமர்ந்து மந்தாரை இலையில் உண்டுகொண்டிருந்தனர். காரணம் கேட்டபோது, "அவர்கள் மேல் தோல் வாடை" என்றார் தந்தையார். அந்தத் தோலில்தான் ஊரே வாழ்ந்தது என்பது அன்று நமக்குத் தெரியாது. அந்த இருவரையும் யாரும் அங்கே உட்காரச் சொல்லவில்லை. அவர்களாகவே அங்கே அமர்ந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். யாரும் உள்ளே அழைக்கவுமில்லை.

முதல் உலகப் போர் தோல் ஊர்களுக்குப் பொற்காலத்தைக் கொண்டுவந்தது. இராணுவப் பூட்சுகளுக்காக மதராஸ் மாகாணத்துப் பதனிட்ட தோலைப் பிரிட்டிஷ் அரசு மொத்தமாக வாங்கியது. பணம் புழங்கிற்று. அப்பணத்தின் ஒரு பங்கு கல்விக்கும் சென்றது என்பதை நாம் பெருமையோடு நினைவுகூரலாம். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் எழுந்தது. ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாம் 1924இல் நிறுவப்பட்டது. மாணவர்களும் ஆலிம்களும் வெளியூர்களிலிருந்து வரலாயினர். வழிப்போக்கர் கூட்டத்தில் இன்னொரு வகையார் சேர்ந்தனர்.

இனி அந்தத் தேக்சாவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஓட்டலுக்குக் கணக்குப் புத்தகம் இல்லாவிட்டாலும் அதன் பாத்திரம் சாட்சி சொல்லும்.

ஆம்பூர்ப் பிரியாணிக்கு அரிசி சீரகச் சம்பா. பாசுமதி அன்று. ஐதராபாத்தில் பச்சை இறைச்சியின் மேலேயே அரைவேக்காட்டு அரிசியைப் பரப்பித் தம் போடுவதுண்டு. இங்கோ இறைச்சியை முதலில் வேகவைத்துக்கொண்டு, அரிசியைத் தனியே முக்காற்பதம் வேகவைத்து வடித்து, அதில் சேர்த்து, மூடிமேல் தணல் இட்டுத் தம் போடுவார்கள். அரிசியின் எடை எவ்வளவோ இறைச்சியின் எடையும் ஏறக்குறைய அவ்வளவு. மசாலாத் தூள் கொட்டுவதில்லை. காய்ந்த சிவப்பு மிளகாயை ஊறவைத்து விழுதாக அரைத்துச் சேர்ப்பதே இதன் நிறத்துக்கும் காரத்துக்கும் உயிர். பட்டை, கிராம்பு, ஏலம் அளவோடு, தயிர் உண்டு, தக்காளியும் உண்டு. தேங்காய்க்கு வேலையில்லை. பக்கத்தில் புளி சேர்த்த கத்தரிக்காயும் தயிர் வெங்காயமும்.

இதில் தக்காளியைக் கவனிக்க வேண்டும். அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். நம் நாட்டுச் சமையலில் பரவலாக நுழைந்தது ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில்தான். மிளகாயும் அங்கிருந்து வந்ததே எனினும் அது போர்த்துக்கீசியரோடு முன்னரே வந்து வேரூன்றிவிட்டது. அன்வருத்தீன் கானின் பாசறையில் தக்காளி இட்ட பிரியாணி வெந்திருக்க வாய்ப்பில்லை. சீரகச் சம்பா இந்நாட்டு நெல். புளியிட்ட கத்தரிக்காய் எந்தப் பாரசீக அரண்மனையிலிருந்தும் வரவில்லை. நம் பெண்டிரின் அடுப்பிலிருந்து வந்தது. பெயர் பாரசீகம், தம் முகலாயம், அரிசியும் புளியும் தமிழ். இப்பகுதி முஸ்லிம்களும் அத்தகையவரே. தமிழ் மரபில் வந்த இலப்பை வணிகர் பலர் உருதுவை வீட்டு மொழியாக்கிக்கொண்டனர். கடைப் பேரேடு தமிழிலும், வீட்டுப் பேச்சு உருதுவிலும், சரக்குக் கடிதம் ஆங்கிலத்திலும் நடந்தன. பழைய கடைப் பலகைகளில் மூன்று எழுத்தும் இருக்கும்.

கீழக்கரை, காயல்பட்டினம் வாசகர்கள் இவ்விடத்தில் புன்னகைக்கக்கூடும். அவர்களுக்கு விருந்தென்றால் சஹனைச் சுற்றி அமர்வதும் நெய்ச்சோறும் களறிக் கறியும். வடாற்காட்டில் தஸ்தர்கான் விரித்தால் பிரியாணி. ஆனால் எல்லா ஊரிலும் இது பெருநாளுக்கும் வலீமாவுக்கும் உரிய உணவாகவே இருந்தது. பத்துப்படி அரிசி வேகும் பாத்திரத்தில்தான் அதன் சுவை கூடும். நால்வர் உள்ள வீட்டில் அது வாராது. ஓட்டல் செய்த புதுமை இதுவே: வலீமா இல்லாத நாளில், யாரும் அழைக்காத ஒருவனுக்கு, காசு கொடுத்தால் ஒரு தட்டு வலீமாச் சோறு கிடைக்கச் செய்தது. பாவர்ச்சி என்றும் பண்டாரி என்றும் அழைக்கப்பட்ட சமையற்காரர், கல்யாண வீட்டுக்குக் கல்யாண வீடு அலைந்தவர், ஓரிடத்தில் நாள்தோறும் அடுப்பு மூட்டலானார். இதற்கு முன் வேலை இருந்தால் சோறு, இல்லாவிட்டால் பட்டினி என்றிருந்த தொழில் அது.

இடையில் வந்த அரிசிப் பஞ்சக் காலங்களை விரைந்து கடப்போம். இரண்டாம் உலகப் போர்க் கால ரேஷனும், 1965இல் பிரதமர் சாஸ்திரியின் வேண்டுகோளை ஏற்றுத் திங்கட்கிழமை இரவுகளில் நாடெங்கும் ஓட்டல்கள் அடைத்துக் கிடந்ததும் முதியோர் நினைவில் உள்ளவை.

பெரிய மாற்றம் 1973ஆம் ஆண்டிலிருந்து வந்தது. அரைகுறையாகப் பதனிட்ட தோலை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்புவதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. தோலை முழுமையாகச் செப்பனிட்டும், பின்னர்க் காலணியாகத் தைத்தும் அனுப்ப வேண்டிய நிலை தோன்றிற்று. ஆம்பூரில் ஷூ தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்கு வந்தனர். டேனரி ஆண்களின் உலகம். ஷூ தொழிற்சாலை பெண்களின் உலகம். அப்பெண்களோ டிபன் பாக்சில் சோறு கொண்டுவந்தார்கள். ஓட்டலுக்குள் அவர்கள் வரவில்லை. திரையிட்ட 'குடும்ப அறை' வந்த பிறகும் அதில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் காரில் வந்த வெளியூர்க் குடும்பத்தார். உள்ளூர்ப் பெண்ணுக்கு ஆம்பூர்ப் பிரியாணி பார்சலாக வீட்டுக்கு வந்தது. இன்றும் பெரும்பாலும் அப்படியே.

1996 ஆகஸ்ட் 28இல், வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் பாலாற்றுப் பகுதியில் விட்ட டேனரிகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாதவை மூடப்பட வேண்டுமென ஆணையிடப்பட்டது. நியாயமான தீர்ப்பு. கிணற்று நீர் கெட்டது உண்மை. எந்த ஆற்றின் ஊற்றுநீரை நம்பி டேனரியும், டேனரியை நம்பி ஓட்டலும் தோன்றினவோ, அந்த ஆற்றை நாமே கெடுத்தோம். பிரியாணிக்கு ஆம்பூர்த் தண்ணீரே சுவை என்று பெருமை பேசும் பெரியவர்கள் உண்டு. எந்தத் தண்ணீர் என்று கேட்டால் மௌனம்.

டேனரிக்காரரும் தொழிலாளரும் குறைந்த இடத்தில் நெடுஞ்சாலைப் பயணிகள் வந்து அமர்ந்தனர். சென்னைக்கும் பெங்களூருக்கும் ஏறக்குறைய நடுவில் ஊர் இருப்பது உதவிற்று. சாலை அகன்றது, கார்கள் பெருகின. ஆம்பூர் ஓட்டல் ஊருக்குச் சோறு போடும் கடை என்பதிலிருந்து, ஊரைக் கடந்து போவோர்க்குச் சோறு போடும் கடை என்றாயிற்று. பெங்களூரிலும் சென்னையிலும் கிளைகள் வந்தன. நவாபின் கதை இக்காலத்தில்தான் இவ்வளவு உரக்கக் கேட்கலாயிற்று என்று நமக்குத் தோன்றுகிறது. டேனரித் தொழிலாளிக்கு நவாபைப் பற்றிச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. அவனுக்குச் சோறு சூடாக இருந்தால் போதும். காரில் வருபவருக்குத்தான் பரம்பரை தேவைப்படுகிறது.

திண்டுக்கல்லைப் பாருங்கள். அங்கும் சீரகச் சம்பா. அங்கும் புகழ்பெற்ற பிரியாணி. 1957இல் நாகசாமி நாயுடு என்பவர் தொடங்கிய ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல், அவர் கட்டிய தலைப்பாகையால் பெயர் பெற்றது. அங்கே நவாபும் இல்லை, முஸ்லிம் முதலாளியும் இல்லை. ஆனால் டேனரிகள் இருந்தன. அவ்வூர்த் தோல் தொழிலாளரின் துயரை டி. செல்வராஜ் 'தோல்' என்னும் நாவலாக எழுதி, 2012ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி பரிசைப் பெற்றார். ஆம்பூருக்கும் திண்டுக்கல்லுக்கும் பொதுவாக இருப்பது அரண்மனை அன்று, தோல்மண்டி என்று நாம் கருதுவது இதனால்தான்.

2022ஆம் ஆண்டு மே மாதம் 13 முதல் மூன்று நாள் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தத் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தது. ஊருக்குப் பெருமை என்று மகிழ்ந்தோம். ஆனால் திருவிழாவில் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்று தெரிந்ததும் எதிர்ப்புக் கிளம்பிற்று. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் இது பாகுபாடு ஆகாதா என்று மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மழை எச்சரிக்கையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது.

நம்மவருள் சிலர் இதில் நமக்கு ஏன் வம்பு என்றனர். ஆட்டிறைச்சிப் பிரியாணிக்குத்தான் ஆம்பூர் பெயர் பெற்றது, மற்றது தள்ளுவண்டிச் சரக்கு என்றனர் வேறு சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. மாட்டுத் தோலைப் பதனிட்டு வீடு கட்டிய ஊர் மாட்டிறைச்சிச் சோற்றை மறைத்து வைப்பது பொருந்துமா? ஆட்டிறைச்சித் தட்டின் விலை எட்டாதவன் உண்டதும் ஆம்பூர்ப் பிரியாணியே. அதே அரிசி, அதே மிளகாய் விழுது, அதே கத்தரிக்காய். நவாபை வாசலில் நிறுத்தி வரலாறு எழுதினால் அவன் மீண்டும் திண்ணைக்குத்தான் போவான்.

இவ்வளவு சொன்ன பிறகும், ஆம்பூரின் முதல் ஓட்டலுக்கு வயது என்ன என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. ஏட்டில் தேடுவதைவிடப் பாத்திரத்தில் தேடினால் விடை கிடைக்கும் என்று நாம் நம்பத் தொடங்கியிருக்கிறோம். பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நம் நாட்டு வழக்கம். நம் பாட்டனார் வீட்டில் ஒரு செம்புத் தேக்சா இருக்கிறது. கலாய் பூசிப் பூசி உட்புறம் மங்கிவிட்டது. விளிம்பில் புள்ளி புள்ளியாக உளி கொண்டு வெட்டிய எழுத்து: தமிழில் ஒரு பெயர், அதன் அருகே அரபு எண்ணில் ஹிஜ்ரி 1341. அதாவது கிறித்துவ ஆண்டு 1922 அல்லது 1923. அந்தப் பெயர் எங்கள் குடும்பத்தார் எவருடையதும் அன்று. டேனரிக் கணக்கு முடிக்கக் காசில்லாத யாரோ ஒரு கடைக்காரர் ஈடாகக் கொடுத்தது என்று பாட்டியார் சொல்வார். அவர் என்ன கடை வைத்திருந்தார் என்று அப்போது நாம் கேட்கவில்லை. பத்துப்படி அரிசி வேகும் பாத்திரம் அது.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வீடுகளில் பரணில் கிடக்கும் பழைய தேக்சாக்களை எடைக்குப் போடுமுன், அவற்றின் விளிம்பை ஒருமுறை துடைத்துப் பார்த்து, அங்குள்ள பெயரையும் ஆண்டையும் எழுதியனுப்புமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.